ஓர் ஊர், இரண்டு பட்டாளம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் பஸ் கருவடிக்குப்பம் தாண்டியதும் காலியாகத் தொடங்கும். சிவாஜி சிலை, கொக்கு பார்க் என்று கண்டக்டர் குரல் கொடுக்கக் கொடுக்க, பையும் குழந்தையுமாக இறங்குகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். மற்றவர்கள் கடற்கரைக்கும் மஞ்சள் சுவர்த் தெருக்களுக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு லாஸ்பேட்டை என்பது ஜன்னலுக்கு வெளியே கடந்துபோகும் பெயர்ப்பலகை. நான் கொக்கு பார்க்கில் இறங்கினேன். பட்டாளத்துப் பென்ஷனில் அடுப்பெரியும் வீடுகளைப் பார்க்க வேண்டும், அங்கே இருக்கும் பெண்களோடு பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதற்குப் புதுச்சேரியைவிட நல்ல ஊர் கிடையாது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு இந்திய ராணுவப் பென்ஷனும் அடுத்த வீட்டுக்குப் பிரெஞ்சு ராணுவப் பென்ஷனும் வருகிற ஊர் இது. வடக்கே டார்ஜிலிங் பக்கம் பிரிட்டிஷ் கூர்க்கா பென்ஷன்காரர்கள் உண்டு. தெற்கே இந்த விசித்திரத்துக்குப் புதுச்சேரியும் காரைக்காலும்தான்.

லாஸ்பேட்டையின் பெயருக்குள்ளேயே ஒரு பட்டாளத்துக்காரர் உட்கார்ந்திருக்கிறார். ழான் லா தெ லோரிஸ்தோன் வங்காளத்தில் காசிம்பஜார் பிரெஞ்சுப் பண்டகசாலையின் தலைவராக இருந்தவர். பிளாசிப் போருக்குப் பிறகு கொஞ்சம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே அலைந்து, 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் கையில் சிக்கினார். அதே மாதம் புதுச்சேரியும் விழுந்து, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்தபோது, 1765-ல் கவர்னராக வந்து இடிபாடுகளைக் கையேற்றவர் இவர்தான். இவருடைய தம்பி ழாக் லா 1752-லேயே ஸ்ரீரங்கத்தில் படையோடு சரணடைந்தவர். அண்ணன், தம்பி இருவருமே தோற்ற பக்கத்துத் தளபதிகள். ஆனாலும் குடும்பத்துக்கு ஒரு பேட்டை மிஞ்சியது. அவர்களுக்குக் கீழே தோற்ற தமிழ்ச் சிப்பாய்களின் குடும்பங்களுக்கு என்ன மிஞ்சியது என்பதற்கு எந்தப் பெயர்ப்பலகையும் இல்லை.

விடிகிற நேரத்தில் ஹெலிபேடு மைதானத்தில் இரண்டு கூட்டம் இருக்கும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் பயந்து நடக்கிறவர்கள் ஒரு கூட்டம். இன்னொன்று பட்டாளத்தில் சேர ஓடுகிற பையன்கள். 1.6 கிலோமீட்டர் ஓட்டம், பீமில் தொங்கி உடம்பைத் தூக்குவது, 9 அடிப் பள்ளத்தைத் தாண்டுவது என்று ஆளெடுப்புத் தேர்வில் என்னென்ன உண்டோ அத்தனையும் இங்கே மண்ணில் கோடு கிழித்து நடக்கிறது. அவர்களை ஓட விட்டுவிட்டு ஸ்டாப்வாட்ச்சோடு நின்றவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். சம்பளம் வாங்காத வாத்தியார். “தம்பி, கையைத் தொங்கவிடாதே, தம்பி” என்று ஒவ்வொருவனையும் விரட்டிக்கொண்டிருந்தார். மெட்ராஸ் சேப்பர்ஸ் ஆள் என்று அதிலேயே தெரிந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் அந்தப் படைப்பிரிவில் ஒவ்வொரு சிப்பாயும் ‘தம்பி’தான். இந்தியாவின் எந்த மூலையிலிருக்கும் முகாமிலும் அவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஹவில்தார் வீட்டுக்கு அழைத்துப் போனார். டீ வருவதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வந்தது. மெடல்களைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன், காட்டியது காகிதங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ எனப்படும் பென்ஷன் ஆணை, மனைவியின் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ. “மெடலை வெச்சுக்கிட்டு ஒரு கிலோ அரிசி வாங்க முடியாது சார். இது இல்லேன்னா இவங்க நடுத்தெருவுல” என்று சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

சிப்பாயாகச் சேர்ந்தவருக்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு சேவை வேண்டும். நாற்பது வயதைச் சுற்றி வீட்டுக்கு வந்துவிடுவார். அதன் பிறகு அவர் வாழ்க்கை மூன்று தூரத்து ஊர்களில் கட்டுண்டு கிடக்கிறது. ஆவணங்கள் அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும்: மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் வெலிங்டன், சேப்பர் என்றால் பெங்களூர். பென்ஷன் ஆணை பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்தில் பிறக்கிறது. கொள்கை டெல்லியில். முன்பு உள்ளூர் வங்கி மேனேஜரிடம் சண்டை போட்டாவது காரியம் நடக்கும். இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற கணினி முறைக்கு எல்லாம் மாறிவிட்டதால், பிழை இருந்தால் சண்டை போட ஆள் முகமே கிடையாது. பிழை இல்லாதவர்களுக்கு அது நல்ல முறைதான் என்று ஹவில்தார் நியாயமாகவே சொன்னார். ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ 2015 நவம்பரில் ஆணையாகி, 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்டு வந்தபோது அவருக்கும் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். 2003-ல் தொடங்கிய ஈசிஹெச்எஸ் மருத்துவ அட்டை இருக்கிறது. கேண்டீன் அட்டை இருக்கிறது. அந்த வீட்டில் குறை என்று பெரிதாக ஒன்றுமில்லை.

குறை பக்கத்துத் தெருவில் இருந்தது. அவர் கூட்டிக்கொண்டு போன வீட்டில் ஓர் அம்மா. கணவர் ஓய்வுபெற்று வந்து, வாட்ச்மேன் வேலை பார்த்து, மாரடைப்பில் போனவர். அவர் படையில் சேர்ந்தபோது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பிறகு ஆன கல்யாணம் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் படைப்பிரிவுப் பதிவில் ஏறியது. ஆனால் எழுதிய கிளார்க் தமிழர் இல்லை. அம்மாவின் பெயர் அங்கே ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம். பிறந்த தேதி பள்ளியில் வாத்தியார் போட்டது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தை ஒட்டிக்கொண்டு வாழும் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டத்தைக் காட்டி நிரப்பச் சொன்னால் ஆளுக்கொன்றை எழுதித்தான் வைப்போம். கணவர் உயிரோடு இருந்தவரை அது பிழையாகவே யாருக்கும் தெரியவில்லை. அவர் போன பிறகு, பதிவில் இருக்கும் மனைவி வேறு, விண்ணப்பித்திருக்கும் விதவை வேறு என்றானது.

“நான்தான் அவருக்கு வாக்கப்பட்டவன்னு நானே கோர்ட்டுல போய்ச் சத்தியம் பண்ணேன்” என்றார் அந்த அம்மா. அழவில்லை. அதைச் சொல்லிச் சொல்லி அவருக்குச் சலித்துப் போயிருந்தது. பிரமாணப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், கிராம அதிகாரியின் சான்று என்று எல்லாம் கொடுத்துக் கடைசியில் பென்ஷன் வந்துவிட்டது. அந்த இடைவெளியில் தாலிச் சங்கிலி அடகுக்குப் போய் முழுகியதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

படைவீரரின் மனைவிக்கு என்ன கிடைக்கும் என்பது, கணவர் எப்படி வாழ்ந்தார் என்பதைவிட எப்படி இறந்தார் என்பதைப் பொறுத்தது. ஓய்வுக்குப் பின் இயற்கையாக இறந்தால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் கூடுதல். பணியின் காரணமாக ஏற்பட்ட நோயிலோ விபத்திலோ இறந்தால் 60 சதவீதம். போரிலோ எல்லை மோதலிலோ என்றால் முழுச் சம்பளம். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தக் கட்டத்தில் ஒரு சாவை வைப்பது என்று தீர்மானிப்பது ஒரு விசாரணை அறிக்கை. அதை எழுதும் இடத்துக்கு மனைவி போக முடியாது. மனநலமோ உடல்நலமோ குன்றிய பிள்ளை இருந்தால், பெற்றோருக்குப் பிறகும் வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பிள்ளையின் பெயரை ஆணையில் ஏற்றிவிட்டால் அலைச்சல் பாதியாகும். இது தெரியாத வீடுகள் நிறைய. புதுச்சேரி அரசில் முன்னாள் படைவீரர் நலனுக்கென்று தனித் துறை இருக்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் அலுவலகம் உண்டு. கல்வி உதவி, திருமண உதவி, கொடிநாள் நிதியிலிருந்து நிவாரணம் என்று அவற்றின் பட்டியல் நீளமானது. என்னைக் கேட்டால், அந்த அலுவலகங்களின் உண்மையான வேலை பணம் கொடுப்பதல்ல. பெயரைச் சரிபார்ப்பது. கணவர் உயிரோடு இருக்கும்போதே மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஆணையில் இருக்கும் எழுத்தையும் ஆதாரில் இருக்கும் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி வழக்கு பிறக்காது. ஹவில்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் உட்கார்ந்து செய்வது அதைத்தான்.

மறுநாள் ஆட்டோ பிடித்து புஸ்ஸி வீதிக்குப் போனேன். பலகையில் லால் பகதூர் சாஸ்திரி வீதி; ஆட்டோக்காரருக்குப் புஸ்ஸி வீதி. புஸ்ஸியும் ஒரு படைத்தலைவர்தான் என்பதை நினைத்தால், இந்த ஊரில் தெருவுக்கு ஒரு பட்டாளம் குடியிருக்கிறது. அங்கேதான் ‘ஃபுவாயே துய் சொல்தா’ இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களின் சங்க இல்லம். ஊர்க்காரர்கள் வாயில் அவர்கள் ‘சொல்தா’க்கள். ஜூலை 14 வந்தால் மெடல்களைக் குத்திக்கொண்டு, கோட்டும் டையுமாக, கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கு வருவார்கள். 1938-ல் திறக்கப்பட்ட அந்தச் சின்னம், முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்காகக் கட்டப்பட்டது. வழக்கமாக வேலிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஜூலை 14-லும் நவம்பர் 11-லும் உள்ளே மலர்வளையம் வைக்கிறார்கள். பிரெஞ்சு தேசிய கீதமும் ஜன கண மனவும் அடுத்தடுத்துப் பாடப்படும். இரண்டுக்கும் ஒரே விறைப்பில் நிற்கிற கிழவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பென்ஷனின் வேர் ஒரு தேதியில் இருக்கிறது. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்து அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றிலிருந்து ஆறு மாதம் அவகாசம்: இங்கே பிறந்து இங்கேயே குடியிருப்பவர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர்கள் இந்தியர்கள். பெரும்பாலோர் தெரிவிக்கவில்லை. சில ஆயிரம் பேர் தெரிவித்தார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரான்சுக்காகத் துப்பாக்கி தூக்கியிருந்தவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் அதற்குக் காரணம் இருந்தது. அண்ணன் பிரெஞ்சுக்காரன், தம்பி இந்தியன் என்று ஆன வீடுகள் உண்டு. அண்ணன் வீடு இன்று மாடி; தம்பி வீடு ஓடு. சாமர்த்தியத்தில் வந்த வித்தியாசம் இல்லை. அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள் ஆபீஸுக்குப் போனதும் போகாததும்தான்.

பிரெஞ்சுக் குடியுரிமை இல்லாமல் போன படைவீரர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை மற்ற காலனிகளின் கதையில் பார்க்கலாம். 1959 டிசம்பரில் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. விடுதலை பெற்ற நாடுகளின் குடிமக்களாகிவிட்ட பழைய வீரர்களின் பென்ஷன் அன்றைய தொகையிலேயே உறையும். விலைவாசி ஏறினாலும் ஏறாது. ஒரே பதுங்குகுழியில் கிடந்த பிரெஞ்சுக்காரருக்கும் செனகல்காரருக்கும் வேறு வேறு தொகை. அமாது தியோப் என்ற செனகல் சார்ஜண்ட் தொடுத்த வழக்கில் 2001 நவம்பரில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம் அதைப் பாகுபாடு என்றது. தீர்ப்பு வந்தபோது தியோப் உயிரோடு இல்லை. 2006-ல் ‘எந்திழேன்’ என்ற திரைப்படம் வட ஆப்பிரிக்க வீரர்களின் கதையைச் சொன்ன பிறகுதான் அரசு அடுத்த படி இறங்கி வந்தது. முழுச் சமத்துவம் 2011-ல். அதற்குள் உரியவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். காத்திருந்தால் செலவு தானாகக் குறையும் என்பது பென்ஷன் கொடுக்கும் எல்லா அரசுகளுக்கும் தெரிந்த கணக்கு.

புஸ்ஸி வீதியில் என்னோடு பேசியவர் எண்பதைத் தாண்டிய ஒரு சொல்தா. கைத்தடி, மடிப்புக் கலையாத சட்டை. ஜிபூத்தியில் வெயிலிலும் ஜெர்மனியில் பனியிலும் நின்றவர். பேச்சு புதுச்சேரித் தமிழ், நடுநடுவே பிரெஞ்சு. “எங்களுக்கு வர்றதைப் பார்த்து ஊரே வாயைப் பொளக்குது தம்பி. வருஷா வருஷம் நான் சாகலேன்னு காட்டணும், அது தெரியுமா?” என்றார். உயிரோடிருப்பதற்கான சான்றிதழைச் சொன்னார். அது போய்ச் சேரத் தாமதமானால் பணம் நிற்கும். லாஸ்பேட்டை ஹவில்தாரும் இதையே சொல்லியிருந்தார். அவருக்கு 2014 முதல் ‘ஜீவன் பிரமாண்’, விரல் ரேகையில் உயிரை நிரூபிக்கும் முறை. சுண்ணாம்பும் சிமெண்டும் தொட்டுத் தேய்ந்த விரல்களை இயந்திரம் படிக்காதபோது, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் உயிரோடில்லை என்கிறது. இப்போது முகத்தைக் காட்டினாலும் போதும் என்று வந்திருப்பது பெரிய நிம்மதி.

பிரெஞ்சு முறையிலும் விதவையின் கதை காகிதத்தில்தான் நிற்கிறது. கணவரின் பென்ஷனில் பாதி அவருக்கு வரும். ஆனால் திருமணம் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். இதில் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு பழைய வசதி உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் பதிவு செய்யும் பழக்கத்தை இந்த ஊருக்குள் அப்போதே புகுத்திவிட்டார்கள். 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி, தங்கள் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். சாதியை விட்டு வெளியேற எடுத்த பெயர், நூறு ஆண்டு கழித்து ஒரு கிழவியின் பென்ஷன் விண்ணப்பத்தில் கட்டத்துக்குள் பிசகாமல் உட்காருகிறது. லாஸ்பேட்டை அம்மாவுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை.

பென்ஷனே இல்லாமல் போனவர்கள் இரண்டு பட்டாளத்திலும் சேராத மூன்றாவது கூட்டம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். போர் முடிந்ததும் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். சேவை சில ஆண்டுகள்தான், ஆகவே பென்ஷன் இல்லை. தென்னாற்காடு, வடாற்காடு கிராமங்களில் பர்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே நூறு நாள் வேலைக்குப் போன கிழவர்கள் அந்தக் கணக்கில் மிஞ்சியவர்கள். பென்ஷன் இல்லாத, 65 வயது கடந்த முன்னாள் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் மத்திய அரசு தரும் வறுமை நிவாரணம் நெடுநாள் மாதம் 4,000 ரூபாயாக இருந்து, 2025-ல்தான் 8,000 ஆனது.

சொல்தாவிடம் ஹெலிபேடு மைதானத்துப் பையன்களைப் பற்றிச் சொன்னேன். 2022-ல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுதான் சேவை, அதன் பிறகு நால்வரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்றதும் காதைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார்.

“எங்க காலத்துல பதினஞ்சு வருஷம். அப்பத்தான் கையோட பென்ஷன்.”

“இங்கேயும் சிப்பாய்க்குப் பதினஞ்சுதான் ஐயா. இவங்களுக்கு மட்டும் நாலு.”

“வீட்டுக்கு அனுப்பறவனுக்கு என்ன குடுப்பாங்க?”

சம்பளத்தில் பிடித்ததும் அரசு போட்டதுமாகச் சேர்ந்து ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய், ஒரு திறன் சான்றிதழ் என்றேன். பென்ஷன் இல்லை, ஈசிஹெச்எஸ் இல்லை, கேண்டீன் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போன முதல் அணி நான்கு ஆண்டை முடிப்பது 2026-ன் இறுதியை ஒட்டி.

“அப்ப அந்தப் பேப்பரை எந்த ஆபீஸ்ல போய்க் காட்டுவான்?”

துணை ராணுவப் படைகளில் இட ஒதுக்கீடு உண்டு, உடல் தகுதித் தேர்விலிருந்து விலக்கும் கொடுத்திருக்கிறார்கள், எழுத்துத் தேர்வு எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

அவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். “ஓடறதைத்தானே அந்தப் பசங்க நல்லாக் கத்துக்கறாங்கன்னு சொன்னே?”